ரூம் கடலோரத்தில் கோடை உடை

கோடை விடுமுறையைக் கழிக்க மத்தியதரைக் கடற்கரைகளுக்குச் செல்வோர் தம் பெட்டியில் எவ்வெவ் உடைகளை எடுத்து வைத்தல் வேண்டும் என்று அறிவுரை கூறும் எழுத்துக்கள் இக்காலத்தில் மிகுதியாக வெளிவருகின்றன. வளைகுடா நாடுகளிலும் ஐரோப்பாவிலும் தொழில் புரியும் நம் பிள்ளைகள் குடும்பத்தோடு அப்பக்கம் சென்று வருவதால், அவை நம் இல்லங்களிலும் படிக்கப்படுகின்றன. அவ்வறிவுரைகளின் சாரம் பெரும்பாலும் ஒன்றுதான். வெண்ணிறமோ வெளிர்நிறமோ கொண்ட பருத்தி அல்லது லினன் துணி. உடலை இறுக்காத நெடுஞ்சட்டை. காற்றுப் புகும் அகன்ற காற்சட்டை. வெயிலுக்கும் மாலைக் காற்றுக்கும் போர்த்திக்கொள்ள மெல்லிய துகில். நீராடியபின் அணிய ஒரு மேலங்கி. மணலில் நடக்கக் கயிற்றடி வைத்த செருப்பு. இவற்றை ஏதோ புதிய நாகரிகத்தின் கண்டுபிடிப்பு என எண்ணி நம் இளைஞர்கள் வியப்பதுண்டு.

ஆனால் இப்பட்டியலை ஸ்பானிய மொழியில் எழுதிப் பார்த்தால் அரபு கற்ற மாணவன் ஒருவன் திடுக்கிட்டுப் போவான். பருத்திக்கு அம்மொழியில் ‘அல்கொதோன்’ என்று பெயர். அது ‘அல்குத்ன்’ என்பதன்றி வேறில்லை. நீராடியபின் அணியும் மேலங்கியை ‘அல்போர்னோஸ்’ என்பர். அது மக்ரிபு மக்கள் அணியும் ‘அல்புர்னுஸ்’. வலென்ஸியா நாட்டு உழவர்கள் அணிந்த அகன்ற காற்சட்டை ‘ஸராகுவெல்’. அது ‘ஸிர்வால்’ என்பதன் பன்மையாகிய ‘ஸராவீல்’. கயிற்றுச் செருப்பாகிய ‘அல்பர்காத்தா’ ஐபீரிய நாட்டுப் பழஞ்சொல் ஒன்று அந்தலுஸிய அரபியின் வாயிற் புகுந்து ‘அல்’ சேர்ந்து வெளிவந்தது என அந்நாட்டு அகராதியார் கூறுவர். வீட்டுச் செருப்பு ‘பாபூச்சா’. பாரசீகத்துப் ‘பாபோஷ்’ அரபு நாடுகள் வழியாக மேற்கே சென்று அங்ஙனம் ஆயிற்று. அதே சொல் கிழக்கே வந்து நம் தமிழில் ‘பாப்பாசு’ ஆயிற்று. கமீஸ் மட்டும் எதிர்வழியில் வந்தது போலும். அது பழைய லத்தீனின் ‘கமீஸியா’வோடு உறவுடையதென மொழிநூலார் எழுதியுள்ளனர். எப்படியாயினும், சூரா யூஸுஃபில் இடம்பெறும் சொல் அது. நம் முன்னோர் சட்டைக்கு வழங்கிய சொல்லும் அதுவே.

ஒரு கடலோரத்து மக்களின் உடைப்பெயர்கள் இவ்வாறு ஒரு மொழியிற் படிந்து கிடப்பது வாணிகத்தால் மட்டும் நேர்ந்ததன்று. அதன் பின்னால் எண்ணூறு ஆண்டுக்கால வாழ்வும், பின்னர் ஒரு பெரும் துன்பமும் உள்ளன. அவ்வரலாற்றையே இங்குச் சிறிது விரித்துரைக்க விழைகிறேன்.

முதலில் துணியைப் பற்றி. இன்று ‘லினன்’ என்று உயர்ந்த விலைக்கு விற்கப்படுவது ஆளிச்செடியின் நாரினால் நெய்யப்படும் துணி. அரபியில் அதனைக் ‘கத்தான்’ என்பர். வியர்வையை விரைந்து உறிஞ்சி விரைந்து உலர்வதும், உடலோடு ஒட்டாமல் நின்று காற்றுக்கு வழிவிடுவதும் அதன் இயல்பு. நைல் நதியின் வண்டலில் அச்செடி செழித்து வளர்ந்தது. கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக் கூடமொன்றில் குவிந்து கிடந்த கடிதங்களையும் கணக்குகளையும் ஆராய்ந்த கொய்த்தைன் என்னும் அறிஞர், பதினோராம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து தூனிஸ் நாட்டுக்கும் சிசிலிக்கும் கப்பலேறிய சரக்குகளுள் ஆளிநாரே தலையாயது எனக் காட்டியுள்ளார்.

மன்ஸலா ஏரியின் நடுவே தின்னீஸ் என்றொரு தீவு நகரம் இருந்தது. அங்கு வேளாண்மை இல்லை, நெசவே வாழ்வு. பதினோராம் நூற்றாண்டின் நடுவில் அந்நகரைக் கண்ட பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், தலைப்பாகைக்கும் பெண்டிர் உடைக்கும் ஏற்ற வண்ணக் ‘கஸப்’ துணி அங்கே நெய்யப்பட்டதையும், ‘பூகலமூன்’ என்னும் துணி பகற்பொழுதின் வேளைக்கு வேளை நிறம் மாறித் தோன்றியதையும் எழுதி வைத்துள்ளார். வெண்மையான துணிக்கு அருகிலுள்ள துமையாத் நகரம் பெயர் பெற்றிருந்தது. சிலுவைப் போர்க்காலத்தில் கடல்வழித் தாக்குதலுக்கு அஞ்சி, 1227இல் ஐயூபிய சுல்தான் அல்காமில் தின்னீஸை இடித்துத் தள்ளச் செய்தார். இன்று அங்கே மேடுகளும் ஓட்டுச் சில்லுகளுமே உள்ளன. நம் நாட்டுப் பருத்தியும் அக்காலத்தில் எகிப்தை அடைந்திருந்தது. பழைய கெய்ரோவாகிய ஃபுஸ்தாத்தில் கிடைத்த அச்சுப்பதித்த துணித் துண்டுகளுட் பல குஜராத்திலிருந்து சென்றவை.

துணி கிடைத்துவிட்டது, எந்தப் பருவத்தில் எதனை உடுப்பது? இதற்கு விதி வகுத்தவர் என்று அந்தலுஸ் மக்கள் போற்றியது ஸிர்யாப் என்னும் இசைவாணரை. அபுல் ஹஸன் அலீ இப்னு நாஃபிஉ என்பது அவர் இயற்பெயர். பக்தாதை விட்டு நீங்கிக் கைரவான் வழியாக, கி.பி. 822இல் (ஹிஜ்ரி 206) கடல் கடந்து அந்தலுஸ் சேர்ந்தார். அவரை அழைத்த அமீர் அல்ஹகம் அவ்வாண்டிலேயே மறைந்துவிட, மகனார் இரண்டாம் அப்துர் ரஹ்மான் அவரை வரவேற்றுக் குர்துபாவில் அமர்த்தினார். அவர் இசைக்குச் செய்த தொண்டைப் பலரும் அறிவர். உடைக்குச் செய்ததை ‘நஃப்ஹுத் தீப்’ என்னும் பெருநூலில் அல்மக்கரீ தொகுத்துரைக்கிறார். ஜூன் 24ஆம் நாள் அந்தலுஸில் ‘அன்ஸரா’ என்னும் திருநாள். அன்று முதல் அக்டோபர் தொடங்கும் வரை மக்கள் வெள்ளாடை உடுக்க வேண்டும். எஞ்சிய காலங்களில் வண்ண உடை. வேனிலின் முன்னே வரும் இளவேனிலில் உள்துணி வைத்துத் தைக்காத மெல்லிய அங்கிகள். குளிர் ஏற ஏறக் கனத்த உடைகள். இதுவே ஸிர்யாப் வகுத்த முறை.

இங்கு இரண்டு செய்திகள் கவனிக்கத் தக்கன. நோன்புக்கும் ஹஜ்ஜுக்கும் பிறைக்கணக்கைப் பின்பற்றிய அம்மக்கள், உடைக்கும் உழவுக்கும் சூரியக் கணக்கைக் கையாண்டனர். அதிலும் கோடை உடை தொடங்கும் நாளாக அவர்கள் கொண்டது, கிறிஸ்தவ அயலார் யஹ்யா (அலை) அவர்களின் பிறந்தநாளாகக் கொண்டாடிய நாளை. அயலார் திருநாளைக் காலக்குறியாகக் கொள்வதில் குர்துபாவின் பொதுமக்கள் இடர் ஒன்றும் காணவில்லை. மற்றொன்று: அல்மக்கரீ 1632இல் காலமானவர், ஸிர்யாப் காலத்துக்கும் அவருக்கும் எண்ணூறு ஆண்டு இடைவெளி. இப்னு ஹய்யான் போன்ற பழைய ஆசிரியர்களை அவர் ஆதாரமாகக் கொண்டாலும், இழந்த நாட்டை நினைந்து எழுதியவரின் பேனா சற்று மிகுத்தும் உரைத்திருக்கலாம். ஒரே மனிதர் ஒரு நாட்டையே உடுத்தினார் என்பதைவிட, கிழக்கிலிருந்து வந்த நாகரிகத்துக்கு அம்மக்கள் அவர் பெயரைச் சூட்டினர் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆயினும் கோடையில் வெண்மை என்னும் வழக்கம் அங்கே வேரூன்றியது உண்மை. அந்தலுஸில் துக்கத்தின் நிறமும் வெண்மையே. கிழக்கிலே கறுப்பு உடுத்த காலத்தில் இவர்கள் வெள்ளை உடுத்தனர்.

இனி, இக்கடலைக் கடந்தவர் ஒருவரோடு நாமும் சிறிது பயணம் செய்வோம். பலன்ஸியாவில் 1145இல் பிறந்து கர்னாத்தாவில் ஆளுநரின் எழுத்தராய் இருந்த இப்னு ஜுபைர், ஹஜ்ஜுக்குப் புறப்பட்டு 1183ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஸப்தா துறைமுகத்தில் ஜெனோவாக்காரர் கப்பலில் ஏறினார். சார்டீனியாத் தீவை அடுத்துப் புயலில் அகப்பட்டுப் பிழைத்து, ஏறத்தாழ ஒரு திங்களில் இஸ்கந்தரிய்யா சேர்ந்தார். கரையிறங்கியதும் அவர் பார்த்த முதற்காட்சி கலங்கரை விளக்கமன்று, சுங்கச்சாவடி. அதிகாரிகள் பயணிகள் ஒவ்வொருவர் பெயரையும் அடையாளத்தையும் எழுதினர். ஆண்டு நிறைவுற்றதா என்று வினவாமலே ஸகாத் கேட்டனர். மூட்டைகள் யாவும் சாவடிக்குள் கொண்டுபோய்க் கொட்டப்பட்டன. ஒருவர் உடைமை மற்றவர் உடைமையோடு கலந்து பல பொருள்கள் காணாமற் போயின. போதாதென்று, இடுப்புத் துணிக்குள்ளும் கைவிட்டுத் துழாவினர். நெடும்பயணத்துக்கென்று மடித்து வைத்த ஆடைகள் அந்நியர் காலடியில் சிதறுவதைக் கண்ட அவ்வறிஞர், சுல்தான் ஸலாஹுத்தீன் இதனை அறிந்தால் ஒருபோதும் பொறுக்கமாட்டார் என்று எழுதி ஆறுதல் கொண்டார். எண்ணூறு ஆண்டுகள் சென்றும் விமான நிலையங்களில் பெட்டியைத் திறந்து நிற்போர்க்கு அவர் மனநிலை விளங்காமற் போகாது.

ஹஜ்ஜை நிறைவேற்றி, பக்தாத், மோஸுல், திமிஷ்க் நகரங்களைக் கண்டு, திரும்பும்போது அக்காவில் கப்பலுக்குக் காத்திருந்தார். மேற்கே கொண்டு செல்லும் கீழ்க்காற்று அத்துறையில் இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் மட்டுமே வீசும் என்று அவர் விளக்குகிறார். அக்காத்திருப்பின்போதுதான் தயர் நகரில் ஒரு ஃபிராங்கியர் திருமணத்தைக் கண்டார். பொன்னிழைப் பட்டுடுத்து, பின்னே புரளும் நீண்ட விளிம்போடு நடந்த மணமகளை அவர் நுணுகி வருணித்திருக்கிறார். வருணித்து முடித்ததும், அக்காட்சியின் மயக்கிலிருந்து இறைவனிடம் காவல் தேடவும் தவறவில்லை.

1184 டிசம்பரில் மெஸ்ஸீனாவின் அருகே கப்பல் உடைந்தது. உயிர் பிழைத்த இப்னு ஜுபைர் சிசிலித் தீவின் தலைநகர் பலெர்மோவுக்குப் போந்தார். அங்கே ஆண்டவர் நார்மானிய மன்னர் இரண்டாம் வில்லியம். முஸ்லிம்களின் ஆட்சி அத்தீவில் முடிந்து நூறாண்டு ஆகவிருந்தது. கிறிஸ்துமஸ் நாளன்று அந்நகரக் கிறிஸ்தவப் பெண்டிர் தேவாலயத்துக்குச் சென்ற கோலத்தை அவர் கண்ட இடம் வரலாற்றில் மறக்கவொண்ணாதது. பொன்வேலை செய்த பட்டுடை, மேலே நேர்த்தியான போர்வை, முகத்தில் வண்ணத் திரை, காலில் பொற்சாயமிட்ட செருப்பு, கையில் மருதோன்றி, உடலில் நறுமணம், நாவில் தெளிந்த அரபு. முஸ்லிம் மாதர் கோலத்திலேயே அவர்கள் தொழச் சென்றனர் என்று அவர் குறிக்கிறார்.

இதற்கு விளக்கம் அரண்மனையிலேயே இருந்தது. சிசிலி மன்னர்கள் தங்கள் முன்னோராகிய முஸ்லிம் அமீர்களைப் போலவே ‘திராஸ்’ எனப்படும் அரச நெசவுக்கூடத்தை வைத்திருந்தனர். மன்னர் உடையில் பொன்னிழை வேலை செய்த யஹ்யா இப்னு ஃபித்யான் என்பவரோடு இப்னு ஜுபைர் உரையாடியிருக்கிறார். இவ்வில்லியத்தின் பாட்டனார் இரண்டாம் ரோஜருக்காக அவ்வூரில் செய்யப்பட்ட செம்பட்டுப் பேரங்கி இன்றும் வியன்னா நகரின் அரச கருவூலத்தில் உள்ளது. ஒட்டகத்தை வீழ்த்தும் சிங்கம் இருபுறமும் பொன்னிழையில் தைக்கப்பட்டிருக்கிறது. அதன் விளிம்பைச் சுற்றிக் கூஃபீ எழுத்தில் மன்னருக்கு நல்வாழ்த்து. இறுதியில் ஹிஜ்ரி 528 என்னும் ஆண்டு. பின்னாளில் புனித ரோமப் பேரரசர்கள் பட்டம் சூடும்போது அணிந்தது இவ்வங்கியைத்தான். தங்கள் தோளில் ஹிஜ்ரி ஆண்டு எழுதியிருப்பதைப் படிக்க வல்லவர் அவர்களுள் எத்தனை பேர் இருந்தனரோ!

உடை மதத்தின் சின்னமா, மண்ணின் வழக்கா? பலெர்மோவில் ஒருவரும் எழுப்பாத இவ்வினா, நானூறு ஆண்டுகளின் பின்னர் கர்னாத்தாவில் ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வையே பற்றி நின்றது.

1492 ஜனவரி 2ஆம் நாள் கர்னாத்தா வீழ்ந்தது. ஒப்படைப்பு உடன்படிக்கையில் சமயமும் வழக்கங்களும் காக்கப்படும் என்று எழுதப்பட்டிருந்தது. பத்தாண்டும் நிலைக்கவில்லை, 1499க்கும் 1501க்கும் இடையே நகரமும் சுற்றுப்புறமும் வற்புறுத்தலால் ஞானஸ்நானம் பெற்றன. இவர்களே மோரிஸ்கோக்கள் எனப்பட்டோர். பெயர் மாறிற்று, உடை மாறவில்லை. 1529 அளவில் ஸ்பெயின் சென்ற ஜெர்மானிய ஓவியர் கிறிஸ்டோஃப் வைடிட்ஸ், தாம் கண்டவாறே கர்னாத்தா மகளிரைத் தீட்டியுள்ளார். தலையிலிருந்து தொங்கும் வெண்போர்வை, கணுக்காலிலிருந்து முழங்கால் வரை மடிப்பு மடிப்பாய்ச் சுற்றிய துணி, எளிய செருப்பு. அப்போர்வைக்கு ஸ்பானியர் இட்ட பெயர் ‘அல்மலாஃபா’. அரபியில் ‘அல்மில்ஹஃபா’. ஸிர்யாபின் வெண்மை ஏழு நூற்றாண்டு கடந்தும் அங்கே நடமாடியது.

உடைக்கெதிரான ஆணைகள் 1511 முதலே பிறந்தன. 1526இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் விரிவான தடை விதித்தார். மோரிஸ்கோக்கள் பெருந்தொகை செலுத்தி அதனை நிறுத்தி வைத்தனர். நாற்பதாண்டுக்காலம் பணம் கொடுத்துத் தம் உடையை உடுத்தனர் எனலாம். பின்னர் இரண்டாம் ஃபிலிப் அரசாணை 1567 ஜனவரி முதல் நாள் கர்னாத்தாவில் பறையறைந்து வெளியிடப்பட்டது. பட்டாடைகளை ஓராண்டுக்குள்ளும் கம்பளி ஆடைகளை ஈராண்டுக்குள்ளும் களைந்துவிட வேண்டும். பெண்டிர் முகம் திறந்து நடமாட வேண்டும். அரபு பேசுதல் மூன்றாண்டில் ஒழிய வேண்டும். ஹம்மாம்கள் மூடப்பட வேண்டும்.

அப்போது ஒரு முதியவர் எழுந்தார். ஃபிரான்ஸிஸ்கோ நூனியெஸ் மூலே என்பது அவர் பெயர். எழுபது வயதைக் கடந்தவர். இளமையில் கர்னாத்தாவின் முதற் பேராயர் தலவேராவிடம் பணியாளாய் இருந்தவர். ஸ்பானிய அரசுக்கு உண்மையாய் வாழ்ந்தவர். உயர்நீதி மன்றத் தலைவர் பேத்ரோ தே தேஸாவின் முன் அவர் வைத்த முறையீடு இன்றும் கிடைக்கிறது. அதன் வாதம் எளிமையானது. ஆனால் எளிதில் மறுக்க முடியாதது. இது மதத்தின் உடையன்று, இந்நாட்டின் உடை என்றார். ஸ்பெயினிலேயே ஒவ்வொரு மாநிலத்தார்க்கும் ஓர் உடை உண்டு, எல்லாரும் கிறிஸ்தவர்களே. ஃபாஸ் நகரத்தார் உடை துருக்கியர் உடை போன்றதன்று, இருவரும் முஸ்லிம்களே. கிழக்கு நாட்டுக் கிறிஸ்தவர்களோ, குருமார் உட்பட, தலைப்பாகை கட்டி அரபு பேசுகின்றனர். அதனால் அவர்கள் கிறிஸ்தவர் அல்லாதார் ஆவரோ? மேலும், எங்கள் ஆடவர் முன்னரே காஸ்தீலிய உடைக்கு மாறிவிட்டனர். உடையில் மதம் இருந்திருந்தால் அவர்கள் மாறியிருப்பரா?

இவற்றினும் என் நெஞ்சைத் தொடுவது ஏழைப் பெண்களைக் குறித்து அவர் சொன்னது. எங்கள் பெண்டிர் ஆண்டுக்கோர் உடை தைப்பவர் அல்லர். திருமண உடையைத் திருநாட்களுக்கென்று மடித்து வைத்து, மகளுக்கும் பேத்திக்கும் விட்டுச் செல்பவர். அதனைக் களைந்துவிட்டுப் புதிய உடை தைக்க அவர்களுக்குப் பொருள் ஏது, என்று கேட்டார். ஒரு பேழையின் அடியில் மடித்து வைக்கப்பட்ட உடை எத்தனை தலைமுறையைச் சுமக்கிறது என்பதை நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்த முறையீட்டை நம்மவருள் சிலரும் ஊன்றிப் படித்தல் நலம். இஸ்லாமிய உடை என்று ஒரே வெட்டில், ஒரே நிறத்தில் உலகுக்கெல்லாம் ஓர் உடை உண்டென வாதிப்போர் நம்மிடையே உண்டு. மார்க்கம் மறைக்க வேண்டியதையும் தவிர்க்க வேண்டிய ஆடம்பரத்தையும் வரையறுத்தது; வெட்டையும் நிறத்தையும் வெயிலுக்கும் குளிருக்கும் ஊர் வழக்குக்கும் விட்டுவிட்டது. நம் கைலியும் தாவணியும் மக்ரிபின் புர்னுஸும் ஒரே கிப்லாவை நோக்கி நிற்பவை.

தேஸா இணங்கவில்லை. 1568 கிறிஸ்துமஸ் முந்தைய இரவில் அல்புஷர்ராத் மலைநாடு கிளர்ந்தெழுந்தது. ஏறத்தாழ இரண்டாண்டுப் போரில் அது நசுக்கப்பட்டு, கர்னாத்தா மோரிஸ்கோக்கள் காஸ்தீலியா எங்கும் சிதறடிக்கப்பட்டனர். உடை ஒன்றே காரணமன்று. ஆயினும் அவ்வாணை இல்லையேல் அத்தீ அவ்வாறு மூண்டிராது.

1609 செப்டம்பர் 22ஆம் நாள் பலன்ஸியாவில் இறுதி ஆணை வந்தது. மூன்று நாட்களுக்குள் ஊரைவிட்டு நீங்கித் துறைமுகம் செல்ல வேண்டும். அசையும் பொருள்களுள் தம் உடலில் சுமந்து செல்லக் கூடியதை மட்டுமே கொண்டு போகலாம். எதை எடுப்பது, எதை விடுவது? உடலிற் சுமப்பதென்றால் முதலாவது உடுத்த உடைதானே. அக்டோபர் தொடக்கத்தில் தானியா துறையிலிருந்து முதற் கப்பல்கள் வஹ்ரானை நோக்கிப் பாய் விரித்தன. 1614 முடிய ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் ஸ்பெயினை விட்டு அகற்றப்பட்டனர். மூன்றாம் ஃபிலிப் மன்னர் இந்நிகழ்ச்சியைப் படங்களாகத் தீட்டச் செய்தார். விசென்த்தே மெஸ்த்ரே என்னும் ஓவியர் 1613இல் தீட்டிய தானியாப் படத்தில், கப்பலுக்குக் காத்திருக்கும் மோரிஸ்கோக்கள் கடற்கரையில் ஆடிப்பாடுவதையும் மற்போர் புரிவதையும் காணலாம். ஆண்டவன் நாட்டத்துக்குப் பணிந்தோரின் உறுதியோ, அவர்கள் மகிழ்ந்தே போனார்கள் என்று காட்ட விழைந்த அரசின் விருப்போ, படம் சொல்லாது. தானியா இன்று ‘தேனியா’ என்னும் பெயரில் புகழ்பெற்ற கோடை விடுமுறைத் தலம். அதற்குத் தெற்கே அலிகாந்தே. அதுவும் அவர்களை ஏற்றியனுப்பிய துறையே.

வஹ்ரானின் உட்பகுதியில் வழிப்பறிக்குள்ளாகி மாண்டோர் பலர். தூனிஸ் அடைந்தோர் நல்லூழ் உடையோர். அங்கு ஆண்ட உஸ்மான் தாய் அவர்களை அன்போடு ஏற்று நிலமும் இடமும் தந்தார். அவர்கள் அங்கே வளர்த்த கைத்தொழில்களுள் சிறந்தது ‘ஷாஷிய்யா’ எனப்படும் செந்தொப்பி. பெண்டிர் கம்பளி நூலால் பின்னுவர். மஜர்தா ஆற்றங்கரையிலுள்ள அல்பத்தானில் அதனை அடித்து இறுகச் செய்வர். அல்ஆலியாவில் விளையும் முட்செடிக் காயால் வாரி மென்மயிர் எழுப்புவர். ஸக்வான் ஊற்று நீரில் சாயமேற்றுவர். இன்றும் தூனிஸ் நகரின் ஷவ்வாஷீன் கடைத்தெருவில் அத்தொழில் குன்றிய நிலையிலேனும் நடைபெறுகிறது. துருக்கித் தொப்பி என்று நம் பாட்டனார் அணிந்தது இதன் உறவினமே. அதனைத் துருக்கியே 1925இல் சட்டமியற்றித் தடை செய்ததும், பின்னரும் தமிழகத்து முஸ்லிம்கள் விடாது அணிந்து வந்ததும் வேறொரு கதை.

கடற்கரையில் கோடையைக் கழிக்கும் வழக்கமோ மிகப் புதியது. ஃபிரான்ஸின் தென்கரைக்கு ஆங்கிலேயச் செல்வர் முன்பு குளிர்காலத்திலேயே வந்தனர். கோடையில் விடுதிகள் மூடிக் கிடந்தன. வெயிலில் கறுத்த மேனி உழைப்பாளியின் அடையாளம் என்று கருதப்பட்டது. 1920களில்தான் இது தலைகீழாயிற்று. 1936இல் ஃபிரான்ஸில் தொழிலாளர்க்கு ஊதியத்தோடு இருவார விடுமுறை சட்டமானதும் பொதுமக்களும் கடலை நாடினர். 1946 ஜூலையில், பசிபிக் தீவொன்றில் அணுகுண்டுச் சோதனை நடந்த சில நாட்களில், அத்தீவின் பெயரையே சூட்டி லூயி ரேயார் என்பவர் பாரிஸில் பிகினி என்னும் குறுகிய உடையை அறிமுகம் செய்தார். அதே காலத்தில் ஸ்பெயினில் ஜெனரல் பிராங்கோவின் அரசு, நீரைவிட்டுக் கரையேறுவோர் மேலங்கி அணிந்தே இருத்தல் வேண்டும் என்று ஆணையிட்டிருந்தது. கத்தோலிக்க ஒழுக்கத்தைக் காக்க அவ்வாணையில் எழுதப்பட்ட உடையின் பெயர் ‘அல்போர்னோஸ்’. புர்னுஸ் அணிந்தோரை விரட்டிய நாடு, தன் மக்களைப் போர்த்தப் புர்னுஸையே தேடிற்று!

ஃபிரான்ஸின் கதை வேறு. 1958 மே மாதத்தில் அல்ஜியர்ஸ் நகரில் இராணுவத்தாரின் ஏற்பாட்டில், முஸ்லிம் பெண்கள் சிலர் தம் வெண்ணிற ‘ஹாயிக்’ போர்வையைப் பொதுவிடத்தில் களைந்த சடங்குகள் நடந்தன. நான்காண்டில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. பின்னர் 2016 ஜூலை 14 அன்று நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில் ஒரு கொடியவன் சரக்குந்தை மக்கள்மீது ஓட்டி 86 உயிர்களைப் பறித்தான். மாண்டோருள் முஸ்லிம்களும் பலர் இருந்தனர். அத்துயரின் சூட்டில், கான் நகரம் தொடங்கி ஏறத்தாழ முப்பது கடலோர ஊர்களின் மேயர்கள், உடல் முழுதும் மறைக்கும் நீச்சலுடையைக் கடற்கரையில் தடை செய்தனர். நீஸ் கடற்கரையில் காவலர் சூழ்ந்து நிற்க ஒரு பெண் தன் மேற்சட்டையைக் களையும் படம் உலகெங்கும் பரவிற்று.

அந்நீச்சலுடை பாலைவனத்தில் தோன்றியதன்று. லெபனானில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய அஹீதா ஸனெட்டி என்னும் பெண்மணி, தம் உறவுச் சிறுமி தலைத்துணியோடும் கனத்த உடைகளோடும் பந்து விளையாடி அல்லலுறுவதைக் கண்டு, 2004 அளவில் உருவாக்கிய உடை அது. 2016 ஆகஸ்ட் 26ஆம் நாள் ஃபிரான்ஸின் உயர் நிர்வாக நீதிமன்றமாகிய அரசுப் பேரவை, வில்நவ்-லூபே ஊரின் தடையை நிறுத்தி வைத்தது. பொது அமைதிக்கு மெய்யான இடையூறு இருந்தாலன்றி மேயர் ஒருவர் இத்தகைய தடை விதிக்கலாகாது. அவ்வூரில் அத்தகைய இடையூறு எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை என்பது தீர்ப்பின் பொருள். ஆறாண்டு கழித்து, 2022 ஜூனில், பொது நீச்சற்குளங்களில் அவ்வுடைக்கு இடமளித்த கிரனோபில் நகரின் விதியை அதே பேரவை ஏற்க மறுத்தது. ஆகவே இன்று அந்நாட்டில் அவ்வுடை கடலுக்குள் இறங்கலாம். அந்நகரத்துக் குளத்துக்குள் இறங்க இயலாது. கோடையில் அப்பக்கம் செல்லும் நம் குடும்பத்தார் பெட்டியைக் கட்டுமுன், செல்லும் ஊரின் விதியை அவ்வூராரிடமே கேட்டறிந்துகொள்வது நல்லது. ஊருக்கு ஊர் அது வேறுபடுகிறது.